யூடியூபில் பாட்டு போட்ட மலையாள ராப் பாடகர் வேடன் சினிமா வரை எப்படி வந்தார்?

கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பையன்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அவர்கள் போனில் வேடன் ஓடத் தொடங்கியபோது நானும் இதையேதான் கேட்டேன்.

ஆள் திருச்சூர்க்காரர், இயற்பெயர் ஹிரண்தாஸ் முரளி. அம்மா ஈழத் தமிழர். 2020இல் ‘வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்’ என்ற பாட்டை யூடியூபில் ஏற்றினார். சாதியையும் நிலத்தையும் பூசி மெழுகாமல் பேசும் வரிகள். பாட்டு வெளியிடும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியிருந்தால், “முதலில் ஒரு காதல் பாட்டு எழுதிட்டு வா தம்பி” என்றுதான் சொல்லியிருப்பார்கள் (என் ஊகம்தான்). யூடியூபில் வாசலில் காவலாளி கிடையாது. கேட்டவர்களே அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அப்புறம் மேடைகள் வந்தன.

சினிமாவில் பெரிய திருப்பம் 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. சுஷின் ஷியாம் இசையில் ‘குதந்திரம்’ பாட்டை எழுதிப் பாடினார். கொடைக்கானல் குகைக் கதை என்பதால் தமிழ்நாட்டிலும் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாட்டும் கூடவே மலை தாண்டியது. அந்த வரிகளுக்குத்தான் கேரள அரசின் சிறந்த பாடலாசிரியர் விருது. மலையாளத்தின் பெரிய பாடலாசிரியர்களான வயலாரும் ஓ.என்.வி.யும் வாங்கிய அதே விருது, ஒரு ராப் பாட்டுக்கு!