ஒரே மரத்துண்டு, மூன்று யங்கின் மட்டு: இரைச்சல் எங்கே நுழைகிறது?

பேராதனையில் இறுதியாண்டு பொறியியல் படிக்கும் தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நடுவில் துளையிட்ட யூகலிப்டஸ் துண்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கறுப்புப் புள்ளி தெளித்து, நார்த்திசையில் இழுத்துக்கொண்டே படமெடுத்து, டிஐசி (புள்ளிகள் நகர்வதைப் படங்களை ஒப்பிட்டு அளக்கும் முறை) மென்பொருளில் பரப்பு முழுவதற்கும் விகாரம் (நீளம் எத்தனை பங்கு மாறியது என்பது) எடுத்திருக்கிறார். விகாரம் கணிக்கும் நீளம் 20 பிக்சல் என்றால் யங்கின் மட்டு (இழுப்புக்கு மரம் காட்டும் விறைப்பு) 8 ஜிகாபாஸ்கல் வருகிறது, கூட்டினால் 11, இன்னும் கூட்டினால் 13. ஷியர் மட்டு (சரிந்து உருக்குலைவதற்கு மரம் காட்டும் விறைப்பு) சோதனைக்குச் சோதனை எங்கெங்கோ போகிறது. "ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றனவே, இரைச்சல் சராசரியில் அடிபட்டுப் போகாதா?"

போகாது தம்பி. ஏன் என்று உங்கள் எண்களிலேயே பார்ப்போம்.

நல்ல டிஐசி அளவீட்டில் இடப்பெயர்ச்சியின் இரைச்சல், அதாவது தற்செயலாகக் கலக்கும் சிறு பிழை, 0.02 பிக்சல் அளவில் இருக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் விகாரம் என்பது இரண்டு இடப்பெயர்ச்சிகளின் வித்தியாசத்தைத் தூரத்தால் வகுப்பது, அதனால் 0.02ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 20 பிக்சலால் வகுத்தால் கிட்டத்தட்ட 1400 மைக்ரோவிகாரம் (பத்து இலட்சத்தில் 1400 பங்கு) வருகிறது. 12 ஜிகாபாஸ்கல் மரத்தில் 24 மெகாபாஸ்கல் தகைப்புக்கு (பரப்பலகுக்கான விசைக்கு) உண்மையான விகாரமே 2000 மைக்ரோதான்.

இங்கேதான் சராசரி கைகொடுக்காமல் போகிறது. தகைப்பை நிலைக்குத்து அச்சிலும் இரைச்சல் கலந்த விகாரத்தைக் கிடை அச்சிலும் வைத்து இழிவு வர்க்க முறையில் கோடு போட்டால், அந்தக் கோட்டின் சரிவு எப்போதும் குறைந்துதான் வரும். விகாரம் 2000 அளவுக்குப் பரந்திருக்க, இரைச்சல் 1400 என்றால் விடை உண்மையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 12 என்பது 8 ஆகிவிடும். புள்ளிகளைப் பத்து மடங்காக்கினாலும் அதே 8தான், இன்னும் உறுதியாக வரும், அவ்வளவுதான். பிழை விகாரத்தின் வர்க்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, வர்க்கத்துக்கு மறைக்குறி (மைனஸ்) கிடையாது, அதனால் கூட்டினாலும் அடிபட்டுப் போகாது.

சரி, நீளத்தைக் கூட்டினால்? இரைச்சல் குறையும், ஆனால் துளையோரத்து உச்ச விகாரமும் தட்டையாகிவிடும், விகாரம் குறைந்தால் மட்டு கூடித் தெரியும். உங்கள் 13 அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் வந்த 11ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், இரண்டு எதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று மறைத்தாலும் அப்படித்தான் நம்பும்படியான எண் வரும்.

நான் சொல்வது, முதலில் இரைச்சலை அளவிடுங்கள். துண்டை மாட்டி, சுமை ஏற்றாமல் 20 படம் எடுத்து, அவற்றின் விகாரத்தில் நியம விலகல் பாருங்கள். அப்புறம் கணினி மாதிரியில் தெரிந்த மட்டுகளைக் கொடுத்து இடப்பெயர்ச்சி எடுத்து, நீங்கள் அளந்த அதே அளவு இரைச்சலைச் சேர்த்து, உங்கள் கணிப்பு நிரலில் நூறு தடவை ஓட்டுங்கள். விடைகள் சிதறினால் அது சாதாரண இரைச்சல், படங்களைச் சராசரி எடுத்துக் குறைக்கலாம் (ஒவ்வொரு சுமையிலும் 25 படம் எடுத்தால் ஐந்தில் ஒன்றாகும்). ஆனால் சராசரியே நகர்ந்திருந்தால் முறையை மாற்றத்தான் வேண்டும்.

எதற்கு மாற்றுவது? விகாரத்தை விட்டு, மாதிரியின் இடப்பெயர்ச்சியை அளந்த இடப்பெயர்ச்சியோடு நேரடியாக ஒப்பிடலாம், அங்கே வகையீடே இல்லை. சுமை அளவியின் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் மட்டுகளின் விகிதம்தான் கிடைக்கும். அல்லது 1989இல் மிஷேல் கிரெடியாக் முன்வைத்த மெய்நிகர் புல முறையை எடுக்கலாம், கற்பனையான இடப்பெயர்ச்சிப் புலங்களைத் தேர்ந்து உள்வேலையும் வெளிவேலையும் சமப்படுவதிலிருந்து மட்டுகளைக் கணிப்பது அது. 2004இல் அவரும் அவ்ரில், பியரோனும் இரைச்சலின் தாக்கத்தை மிகக் குறைக்கும் புலங்களைத் தேர்ந்தெடுக்க வழி காட்டினார்கள்.

ஷியர் மட்டு ஆடுவதற்குக் காரணம் வேறு. நார்த்திசையில் இழுத்த துண்டில் ஷியர் விகாரம் துளையின் ஓரத்தில் மட்டும்தான் உண்டு, மற்ற இடமெல்லாம் வெறும் இரைச்சல். இல்லாத சமிக்ஞையை எந்த முறையும் கொண்டுவராது. நாரை 10 பாகை சரித்து வெட்டிய துண்டை இழுத்துப் பாருங்கள், ஷியர் பரப்பு முழுவதும் கிடைக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் இரைச்சல் கணக்கில் போட வேண்டாம். ஒற்றைக் கேமரா 500 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்க, துண்டு கேமராப் பக்கம் அரை மில்லிமீற்றர் வந்தாலே 1000 மைக்ரோவிகாரம் பொய்யாகச் சேரும், எத்தனை படம் எடுத்தாலும் அது போகாது. கேமராவை ஒரு மணி நேரமாவது சூடாகவிட்டு ஆரம்பியுங்கள். நம் மலைப் பக்கத்து ஈரக் காற்றில் மரம் ஈரம் குடித்தால் மட்டே உண்மையில் குறையும், ஒவ்வொரு சோதனைக்கும் துண்டின் ஈரப்பதத்தை எழுதி வையுங்கள். நான் படித்த காலத்தில் மழைநாள் சோதனையையும் வெயில்நாள் சோதனையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

அந்த 20 படத்தின் நியம விலகலை அனுப்புங்கள், இந்தத் துளைத் துண்டிலேயே ஷியர் மட்டு எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.