வாசகர் கேள்வி-பதில்: பாசி நாளில் பள்ளிக் கூட்டம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியவை. முப்பத்தொரு வருடம் இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: நான் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். என் மகள் நாலாவது படிக்கிறாள். என்னையும் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம். பாசி நாளாக இருந்தால் போக முடியாது. இரண்டு நாள் கழித்துக் கூட்டத் தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துக் கேட்பார்கள். நான் ஏழாவது வரைதான் படித்தேன். போடுவதா, வேண்டாமா?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: போடாதீர்கள் அம்மா. வராத கூட்டத்துக்கு வந்ததாக ஒருநாளும் போடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. தலைமையாசிரியையாக வந்த புதிதில் நானும் அப்படித்தான் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும், ஆள் வரவில்லை, என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் நானே நோட்டோடு கரைக்குப் போனேன். ஒரு தாய் அப்போதுதான் வள்ளத்திலிருந்து இறங்கி வந்தாள். முங்கும்போது போடும் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. பாறை அறுக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி நனைந்து கிடந்தது. அதை ஒவ்வொரு விரலாக அவிழ்த்து, சேலையில் கையைத் துடைத்து, பேனாவை வாங்கினாள். வாங்கியவள் எழுதவில்லை. "டீச்சர், இதுல என்ன எழுதிருக்கு? வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். நான் வாசித்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி சரியாக இருப்பதாக ஒரு வரி இருந்தது. "எம்மக மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வருதே டீச்சர்" என்றாள். அந்தத் தாளில் அவள் கையின் ஈரம் பட்டு மை பரவியிருந்தது. அன்றோடு நோட்டை வெளியே அனுப்புவதை நிறுத்தினேன்.

குழு என்பது சம்பிரதாயம் இல்லை. 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளிக்கான வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, இந்த மூன்றையும் சட்டம் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. நம் மாநிலத்தில் தலைவர் பதவியே ஒரு தாய்க்குத்தான். 2024-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நீங்கள் ஏழாவது படித்திருப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். குழுவில் இருக்கப் படிப்புத் தகுதி ஒன்றும் கிடையாது. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறாள், அது போதும்.

இனி தேதி. பாசிக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டுக் காலண்டரை எடுத்துக்கொண்டு போய், வரும் மூன்று மாதத்தில் நீங்கள் கடலுக்குப் போகாத நாள்களைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு தாய்மாராகப் போங்கள். "இந்த நாள்களில் கூடினால் இத்தனை பேர் வர முடியும்" என்பதையே ஒரு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மேலிருந்து குறித்து வரும் நாளை மாற்ற முடியாது என்றால், அதோடு இன்னொரு நாளும் கூடலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

கூட்டத்துக்குப் போன அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். தீர்மானம் எழுதி முடிந்ததும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு போடுங்கள். நல்ல தலைமையாசிரியர் யாரும் இதற்கு வருத்தப்பட மாட்டார்.

கேள்வி: தூத்துக்குடியில் இரண்டு வருடம் படகு வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டோம். பையன் அங்கே தனியார் பள்ளியில் ஆறாவது படித்தான். பீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். இங்கே டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். பையன் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறான்.
– ஒரு தந்தை, தொண்டி

பதில்: தம்பி, நாளைக் காலையிலேயே பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்றாலும் மறுக்கக் கூடாது, அது 14-ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இங்கே உண்மையில் சிக்கல் எங்கே வரும் என்றால் எமிஸ் எண்ணில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்ணில். பையனின் பெயர் பழைய பள்ளியின் கணக்கிலேயே இருக்கும். அவர்கள் அதைத் தங்கள் கணக்கிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். அதற்காகப் பையன் வெளியே நிற்க வேண்டியதில்லை. முதலில் வகுப்பில் உட்காரட்டும். எமிஸ் எண்ணையும் பழைய பள்ளியின் பெயரையும் எழுதி, பெயரை விடுவித்துத் தருமாறு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் போனதே பெரிய இழப்பு, இனி ஒருநாள்கூட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. காலைச் சாப்பாடு எங்களுக்கும் உண்டா?
– ஒரு பாட்டி, தங்கச்சிமடம்

பதில்: உண்டு அம்மா. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய திட்டம், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் தாய்மாரின் பிள்ளைகள் வெறும் டீயோடு வந்து பத்து மணிக்குச் சோர்ந்து மேசையில் தலை சாய்ப்பதை வருடக்கணக்கில் பார்த்தவள் நான். பேரனை நேரத்தோடு அனுப்பிவையுங்கள். ஒருநாள் நீங்களும் போய் அந்தப் பொங்கலைத் தின்று பாருங்கள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே சொல்லுங்கள்.

கேள்வி: மகள் எட்டாவது முடிக்கிறாள். உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர். பள்ளி நேரத்துக்குப் பஸ் இல்லை. "பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது, போதும்" என்கிறார் அவள் அப்பா. அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார்.
– ஒரு தாய், சாயல்குடி அருகே

பதில்: கடைசி வரியை நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்தது. பயப்படுகிறவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பயத்தின் காரணத்தை எடுக்க வேண்டும். உங்கள் மகள் மட்டும் அந்தத் தூரம் போகப்போவதில்லை. எட்டாவது முடிக்கும் பிள்ளைகளின் பெயர், ஏறும் நிறுத்தம், காலையில் எத்தனை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மாலையில் எப்போது விடுகிறார்கள், இதை ஒரே தாளில் எழுதுங்கள். "பஸ் வேண்டும்" என்ற மனு அலமாரிக்குப் போய்விடும். "எட்டே காலுக்கு இந்த நிறுத்தத்தில் பதினான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள்" என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி, கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. உங்களுக்கு மே 1 தான் சரியான நாள். இரண்டு தீர்மானங்களின் நகலையும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள்.

அவள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் கல்லூரிக்குப் போனால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அது. எட்டாவதோடு நிறுத்தினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு இருக்காது. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். "படகு இறங்கட்டும், காசு வரட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு அப்படியே நின்றுபோன பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒன்பதாவதில் பாடப்புத்தகமும் நோட்டும் பள்ளியிலேயே தருகிறார்கள். படகுக்காகக் காத்திருக்காமல், பள்ளி திறக்கும் அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.