சேற்றில் ஸ்கிட் ஸ்டீயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை பிடித்துக்கொண்டால் போதும், ஸ்கிட் ஸ்டீயர் (மண், சாணம் அள்ளும் பக்கெட்டை முன்னால் பொருத்திய சிறிய லோடர் வண்டி) வைத்திருப்பவர்களின் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. பெரும்பாலோர் கேட்பது, என்ன வாங்கிப் பொருத்தலாம் என்பதைத்தான். எதையும் வாங்கும் முன் ஓட்டும் முறையையும் ஓடும் பாதையையும் சரிபார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக்டர் தாராளமாகப் போய்வரும் மாட்டுக்கொட்டகை முற்றத்தில் என் ஸ்கிட் ஸ்டீயர் மட்டும் தரையை உழுது சிக்கிக்கொள்கிறது. எஞ்சின் சக்தி போதவில்லையா?

சக்தி தேவைக்கு மேலேயே இருக்கிறது. சிக்கல், வண்டி திரும்பும் விதத்தில். டிராக்டரின் முன்சக்கரங்கள் வளைந்து வழிகாட்டும். ஸ்கிட் ஸ்டீயரின் நான்கு சக்கரங்களும் எப்போதும் நேராகவே நிற்கும். ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கத்தவை மெதுவாகவோ பின்னோக்கியோ சுழலும்போது, டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத்தான் வண்டி திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேல்மண் சுரண்டப்படுகிறது. காய்ந்த தரையில் அது ஒரு கீறலோடு போகும். ஈரத் தரையில் அடுத்த மழைக்கு அதுவே குழியாகிவிடும். நின்ற இடத்திலேயே சுழல்வது கான்கிரீட்டில் இந்த வண்டிக்குப் பெருமை. சேற்றில் அதுதான் வினை.

ஆகவே சேற்றுக்குள் நேராகப் போய், நேராகவே பின்வாங்கிப் பழகுங்கள். திரும்புவதற்குக் கெட்டியான ஓர் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். திரும்பியே ஆக வேண்டுமென்றால் அகலமான வளைவாக, இரு பக்கச் சக்கரங்களும் முன்னோக்கி உருளும்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் லீவரைத் தளர்த்த வேண்டும். பலர் அந்த நேரத்தில்தான் இன்னும் அழுத்துகிறார்கள்.

எடையையும் கவனியுங்கள். பக்கெட் காலியாக இருக்கும்போது வண்டியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் இருக்கும். முழுப் பாரம் ஏற்றினால் கணக்கு தலைகீழாகி, முன்சக்கரங்கள் அதைத் தாங்கும். இரண்டு நிலையிலும் பாரம் குறைந்த முனை எளிதாக வழுக்குவதால் வண்டி சிரமமின்றித் திரும்பும். அரைப் பாரத்தில் எடை முன்னும் பின்னும் சமமாகிவிடும். திருப்புவது அப்போதுதான் கடினம், தரை கிழிபடுவதும் அப்போதுதான் அதிகம். சரிவில் பாரமான முனை மேட்டை நோக்கியிருக்க வேண்டும்: பாரத்தோடு ஏறினால் முன்னோக்கி, காலியாக ஏறினால் பின்னோக்கி. இது பிடிப்புக்கு மட்டுமல்ல, கவிழாமல் இருக்கவும்தான்.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்களே?

கூடும், ஓரளவுக்கு. காற்று குறைந்தால் டயர் அகலமாகத் தரையில் படியும். ஆனால் பக்கவாட்டில் இழுபட்டே திரும்பும் வண்டி இது. காற்றை அதிகமாக இறக்கிவிட்டால் ஒரு திருப்பத்தில் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சேறும் உள்ளே புகுந்துகொள்ளும். கையேடு அனுமதிக்கும் அளவில் கீழ் எல்லைவரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். நான்கு டயர்களிலும் ஒரே அழுத்தம் இருக்கட்டும்.

கேள்வி: தேய்ந்த பின் டயர்கள் இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. பெரும்பாலான வண்டிகளில் ஒரு பக்கத்தின் முன், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே மோட்டார்தான் சங்கிலி வழியாகச் சுற்றுகிறது. ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறுபடும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டையிட, ஒன்று வழுக்கியே தீரும். டயரும் சங்கிலியும் சேர்ந்து தேயும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: சேற்றுக்கு எந்த வகை டயர் நல்லது?

வேலை முடிந்ததும் இறங்கி டயரைப் பாருங்கள். டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே சேறு அப்பி நிரம்பி, டயர் முழுக்க வழுவழுவென்று இருந்தால் அங்கே கட்டைகளே இல்லாததற்குச் சமம். ஆழமான கட்டைகள் அகலமான இடைவெளியோடு சாய்வாக அமைந்த டயர், சுழலும்போதே சேற்றை உதறிவிடும். அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையிலேயே மாட்டுங்கள். காற்றில்லாத திட டயர் பஞ்சராகாது, குப்பைக் கிடங்குக்கு ஏற்றது. சேற்றில் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அகலமா, குறுகலா என்பதைச் சேற்றின் ஆழம் தீர்மானிக்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது டயருக்கும் பொருந்தும். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். சில அங்குலத்திலேயே கெட்டித் தரை தட்டுப்பட்டால், சேற்றைக் கிழித்துக் கீழே இறங்கும் குறுகிய டயர் நன்றாகப் பிடிக்கும். கம்பி போய்க்கொண்டே இருந்தால், மேலேயே மிதந்து செல்லும் அகல டயர்தான் வேண்டும்.

கேள்வி: டயருக்கு மேல் மாட்டும் டிராக் (பீரங்கி வண்டியில் இருப்பது போன்ற பட்டை) வாங்கலாமா, அல்லது வண்டியையே, சக்கரத்துக்குப் பதில் டிராக்கில் ஓடும் டிராக் லோடராக மாற்றிவிடலாமா?

ஆண்டில் சில மாதங்கள் மட்டும் சேறு என்றால் டயர்மேல் டிராக் போதும். முன், பின் டயர்களைச் சேர்த்துச் சுற்றி வருவதால் எடை நீளமாகப் பரவும், கழற்றியும் வைக்கலாம். டயருக்கும் வண்டி உடலுக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று முதலில் அளந்துவிடுங்கள்; பல வண்டிகளில் சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் தேவைப்படும். இரும்பு டிராக் சேற்றில் கெட்டிக்காரன், கான்கிரீட் முற்றத்தைப் பெயர்த்துவிடுவான். டயரில் காற்று குறைந்தால் டிராக் தொய்ந்து கழன்றுவிடும் என்பதால் தினமும் இரண்டையும் பாருங்கள்.

ஆண்டு முழுக்கச் சேற்றில்தான் பிழைப்பு என்றால் டிராக் லோடருக்கு மாறுவதில் தவறில்லை. தரையின் மேல் அது தரும் அழுத்தம் பொதுவாக 4 முதல் 6 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). சக்கர வண்டியில் அது பல மடங்கு. ஆனால் அடிப்பகுதி உருளைகளைச் சுத்தம் செய்யும் வேலை தினசரிக் கடன். விளம்பரத் தாளில் பாரத் திறனை ஒப்பிடும்போதும் கவனம் தேவை: சக்கர வண்டிக்குக் கவிழும் பாரத்தில் (வண்டி முன்னால் சாயத் தொடங்கும் பாரம்) 50 சதவீதத்தையும் டிராக் வண்டிக்கு 35 சதவீதத்தையும் திறன் என்று குறிப்பது வழக்கம். ஒரே எண் போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: பின்னால் கூடுதல் எடை கட்டினால்?

வழுக்கும் கெட்டித் தரையில் உதவும். ஆழமான சேற்றில் இன்னும் வேகமாகப் புதையும். கட்டுவதானால் தயாரிப்பாளர் அந்த வண்டிக்கென்றே தரும் எடைகளை மட்டும் கட்டுங்கள்.

கேள்வி: அடிப்பகுதி தட்டும் அளவுக்குப் புதைந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்துங்கள். முன்னால் காலி பக்கெட் இருந்தால் அதுவே உங்கள் கை. பக்கெட்டை முன்னோக்கிக் கவிழ்த்து, விளிம்பைத் தரையில் ஊன்றி, பின்னோக்கி ஓட்டியபடியே மெல்ல நிமிர்த்துங்கள். வண்டி பின்னால் தள்ளப்படும். நகராவிட்டால் பக்கெட்டை முழுக்கத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரம் போகும் வழியில் சேற்றை அள்ளிப் பலகை போடுங்கள். பக்கெட்டை ஊன்றி முன்சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே இன்னொருவரைப் பலகை செருகச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஆளைக் கொல்லும் பழக்கம்.

இழுப்பதானால் கையேட்டில் காட்டியிருக்கும் கொக்கிகளில் மட்டும் கட்டுங்கள். கேபின் சட்டத்திலோ பக்கெட்டிலோ வேண்டாம். எஞ்சின் நின்றால் பல வண்டிகளில் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பதால், முடிந்தவரை எஞ்சின் ஓட, ஓட்டுநர் பெல்ட்டோடு இருக்கையில் இருந்தபடியே இழுக்க வேண்டும். மெதுவாக, கெட்டித் தரை வரும் வரை மட்டும். அதற்கு மேல் இழுத்தால் ஹைட்ராலிக் மோட்டார்களுக்குச் சேதம். கயிறு அறுந்தால் எகிறி வரும் தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

கேள்வி: தீவன மேடைக்குப் போகும் பாதையில் ஆண்டுதோறும் ஜல்லி கொட்டுகிறேன். ஆண்டுதோறும் காணாமல் போகிறது.

காணாமல் போகவில்லை, கீழே இறங்கிவிட்டது. வெறும் சேற்றின் மேல் கொட்டும் ஜல்லி அப்படித்தான் போகும். முதலில் மேல்சேற்றை வழித்தெடுங்கள். நடுவில் உயர்ந்து பக்கங்களில் தாழும்படி தரையைச் சரிவாக்கி, ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன் மேல் பெருஜல்லி, அதற்கும் மேல் சிறுஜல்லி போட்டு இறுக்குங்கள். துணி, கல்லையும் மண்ணையும் கலக்க விடாது. தண்ணீரை மட்டும் விடும். கூரைத் தண்ணீர் அந்தப் பாதையில்தான் விழுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அதைக் குழாய் வைத்துத் திருப்பிவிடுவதே முதல் வேலை.

கேள்வி: வேலை முடிந்ததும் கழுவியே ஆக வேண்டுமா?

ஆம், சேறு காய்வதற்குள். அச்சுகளைச் சுற்றியும், அடித்தட்டைத் திறந்து உள்ளேயும் கழுவுங்கள். அங்கே சேறோடு சேரும் வைக்கோல் காய்ந்தால் எஞ்சின் சூட்டில் தீப்பிடிக்கலாம். உயர் அழுத்த நீரை ஆயில் சீல்கள், மின் இணைப்புகள், ரேடியேட்டர் தகடுகள் மேல் நேராகப் பாய்ச்சாதீர்கள்.