கடைவீட்டுச் சுவரில் ஈரம்: சிமென்ட் பூசலாமா?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தாத்தா காலத்துக் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) எங்களுடையது. சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசி, மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டு, பின்பக்கம் மாடியும் எழுப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஜாலான் புசாரில் என் நண்பர் அப்படிக் கட்டியிருக்கிறார். அனுமதியைத் தானே ‘பார்த்துக்கொள்வதாக’ச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

முதலில் சுவர். பழைய செங்கற்சுவர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துச் செங்கல்லே பொடியும். கூரைத் தண்ணீர்க் குழாயையும் வடிகாலையும் சரிசெய்யுங்கள், சுவரை உலரவிடுங்கள், பிறகு சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். பெயின்டும் ஈரத்தை வெளியே விடும் வகையாக இருக்கட்டும். மரச் சன்னலைப் பழுதுபார்க்க வேண்டும், அலுமினியம் கூடாது.

நண்பர் வீட்டுக் கதை வேறு. லிட்டில் இந்தியா 1989ல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட வரலாற்று வட்டாரம்; இங்கே கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். 1991ல் அறிவிக்கப்பட்ட ஜாலான் புசார் வேறு வகையில் வருகிறது. அங்கே முன்புற முதன்மை வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் புதிதாக உயர்த்திக் கட்ட இடமுண்டு. அதற்கும் அனுமதி வேண்டும், அதற்கும் உயர வரம்பு உண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள், வீடுகளும் ஒரே சாயல். அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். அறிவிப்புக்கு முன்பே கட்டியவர்களும் இருக்கலாம். பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள்.

அந்த ஆணையத்தின் விதிக்கையேடு கட்டடக் கலைஞர்களுக்காக எழுதப்பட்டது. அதோடு கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகள் தனி, குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதிகள் தனி. வீட்டுக்காரருக்காக எளிய தமிழில் நான்கு பக்கம் போட்டிருந்தால், அனுமதியைப் ‘பார்த்துக்கொள்ளும்’ தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

‘முதலில் இடித்துவிடலாம், பிறகு சரிக்கட்டலாம்’ என்பது இவர்களின் வழக்கமான பேச்சு. அனுமதியில்லாத வேலைக்கு 200,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மாட்டினால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்; அதற்குள் அவர் கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார். அலுவலகத்தில் ‘ஆள் தெரியும்’ என்பவர் யாருக்கும் அனுமதி வாங்கித் தர முடியாது. இத்தகைய கட்டுமான மாற்றத்துக்கான விண்ணப்பத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர்தான் தாக்கல் செய்ய வேண்டும். அவர்களின் பெயர்ப் பட்டியலைத் தொழில்முறை வாரியங்கள் வெளியிடுகின்றன, யாரும் பார்க்கலாம்.

முன்பணம் கேட்டவரிடம், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் பட்டியலில் தேடுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.