ஒகேனக்கல் தண்ணீரா, கேனா, ஆர்.ஓ.வா?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே கிராமத்தில் இருக்கிறோம். தெருக்குழாயில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. வீட்டில் போர்வெல் உண்டு. சமையலுக்கு அதுதான், குடிக்கக் கேன் வாங்குகிறோம். சென்ற வாரம் ஆர்.ஓ. என்னும் நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் ஒகேனக்கல் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் பழுப்பாகக் கலங்கிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயந்துபோனேன். கொதிக்கவைத்தால் எதுவும் போய்விடும் என்கிறார் மாமியார். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். எதைக் குடிப்பது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள் அம்மா. நீங்கள் பார்த்த பழுப்பு, கம்பியிலிருந்து வந்த இரும்புத் துரு. தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துக் கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அவர் மறுபடி வந்தால், அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். பிள்ளை பெற்றவர்களை இப்படிப் பயமுறுத்திப் பொருள் விற்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

உங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கும் நிலத்தடி நீரில் அது கரைந்து சேர்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், பளிங்கு போன்ற போர்வெல் தண்ணீருக்கு எதிரே 'குடிக்க ஏற்றதல்ல' என்று எழுதும்போதெல்லாம் கொண்டுவந்தவர்கள் நம்பாமல் என் முகத்தையே பார்ப்பார்கள். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரையே ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு மூட்டுவலி, எலும்புப் பாதிப்பு என்று போகும். உங்கள் மகளுக்கு நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது. அப்போது விழும் கறை பின்னால் தேய்த்துப் போகாது.

மாமியார் சொல்வது கிருமிக்குச் சரி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும். ஃபுளோரைடு சாகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி வடிவ வடிகட்டிக்கும் புற ஊதா விளக்குக் கருவிக்கும் அது பிடிபடாது. ஆர்.ஓ.வுக்குப் பிடிபடும்.

ஆனால் இந்தக் கேட்டுக்காகவே 2013-இல் ஜப்பான் நிதியுதவியோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் திட்டம் வந்தது. சுத்திகரித்துக் குளோரின் கலந்த காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கே வருகிறது. அதை விட்டுவிட்டுப் போர்வெல் நீரில் சோறு வடிக்கிறீர்களே! அரிசியும் பருப்பும் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று யோசியுங்கள். கேன் வாங்கிக் குடித்தும், சோற்றிலும் குழம்பிலும் அந்தப் போர்வெல் நீர் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். வரத்துக் குறையும் நாட்களில் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் நீரையும் ஏற்றிக் கலப்பதுண்டு. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவரிடம் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் இரண்டு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்களில் தெருக்குழாய் நீரையும் போர்வெல் நீரையும் தனித்தனியே பிடித்து, பெயரெழுதி, தர்மபுரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். போர்வெல் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.

குழாய் நீரில் 1-க்குள் இருந்தால் கருவியே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு இருபது லிட்டர் என்று வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்கு அறுபது லிட்டரை மூடியுள்ள டிரம்மில் பிடித்து வையுங்கள். கையை உள்ளே விடாமல் நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொள்ளுங்கள். குடிப்பதைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள்; குழாயில் வரும் வழியிலும் கிருமியைத் தடுக்கும் காவல் அது.

குழாய் நீரும் 1.5-ஐத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குங்கள். விற்பவர் டி.டி.எஸ். மீட்டரை நீட்டினால் அதோடு திருப்தியடைய வேண்டாம். அது மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியே காட்டாது. கருவியிலிருந்து வரும் நீரையும் ஒருமுறை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். வெளியேறும் கழிவுநீரில் உப்பும் ஃபுளோரைடும் கூடியிருக்கும். வீடு துடைக்கலாம், மாட்டுத்தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேன் அவசரத்துக்கு மட்டும். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தேதி, உடையாத சீல் மூன்றும் பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள்.

சமையலை இன்றைக்கே ஒகேனக்கல் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வக எண்கள் கிடைத்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.