பிஞ்சுக் குடலும் முதல் உணவும்: வாசகர் கேள்விகள்

கே: தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இரண்டு மாதக் குழந்தை ஐந்து நாள்களாக மலம் கழிக்கவில்லை. மலச்சிக்கலா?

ப: ஆறு வாரம் கடந்தபின் தாய்ப்பால் குழந்தைகள் ஒரு வாரம்கூட இடைவெளி விடுவதுண்டு. வயிறு உப்பாமல், வாந்தியில்லாமல், குழந்தை நன்றாகக் குடித்து, பின்னர் இளக்கமாகவே போனால் அது மலச்சிக்கல் அன்று. விளக்கெண்ணெய் தொட்ட வெற்றிலைக் காம்பைச் செருகும் வேலை வேண்டாம்.

கே: குழந்தைக்கு வயிறு சரியில்லை. எந்தச் சொட்டு மருந்து நல்லது?

ப: வயது, எடை, குடிக்கும் பால், மலத்தின் நிறம் எதையும் எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்பவருக்கு நான் எதைச் சொல்வது? விவரத்தோடு எழுதுங்கள், பச்சைக்குழந்தையாக இருந்தால் எழுதிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: பிறந்தவுடன் தேன் தொட்டுச் சேனை வைப்பது எங்கள் வழக்கம். ஒரு சொட்டுதானே, தவறா?

ப: தவறுதான், இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரமே இதே கடிதம் வந்து நிற்கிறது. தேனில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோயின் கிருமி விதைகள் இருக்கக்கூடும்; பெரியவர்களின் குடலில் நிலைபெற்ற நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை, பிஞ்சுக் குடலிலோ அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. ஆகவே ஒரு வயது வரை தேன் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் தேவலை என்று நினைக்க வேண்டாம். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான். அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டால், குடலின் உட்சுவரில் படிந்து கிருமிகளைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்த சீம்பால் எங்கே போகும்? தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகளும் உண்டு. அவை வீணல்ல, பைஃபிடோ பாக்டீரியா என்னும் நல்ல நுண்ணுயிர்களுக்கான தீனி. அவற்றைத் தின்று அந்த நுண்ணுயிர்கள் குடலில் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் தீய கிருமிகள் பெருக இடமில்லாமல் போகிறது. பிரசவ வார்டில் தலையணைக்கு அடியில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத்திரியை ஒளித்து வைத்திருந்த பாட்டி ஒருவர், "அழுகை நின்றுவிட்டதே, டாக்டர்" என்றார். நின்றது அழுகை மட்டுமன்று, குழந்தை மார்பைத் தேடுவதும்தான். கல்லில் உரைத்த வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் இதே பதில்தான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

கே: மலம் பச்சையாக இருக்கிறது.

ப: குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் இருக்கட்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்துக்கு நிறம் தரும் பித்தம் குடலுக்கு வரமுடியாத பித்தநாள அடைப்பாக இருக்குமானால், இரண்டு மாதத்துக்குள் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கே பலன் அதிகம்.

கே: ஏழு மாதக் குழந்தைக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

ப: ஒரு வயது வரை குடிக்கும் பாலாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து குறைவு; சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படும். குழைத்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த முட்டை ஆகியவற்றைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுங்கள். தேன் வேண்டாம்.