வெளியூர்ப் பணியும் மாலைப் பொழுதும்

கேள்வி: விற்பனைப் பணிக்காக மாதத்தில் 10 நாட்கள் அம்பாசமுத்திரத்தில் தங்குகிறேன். மாலையில் விடுதி அறையில் பொழுதே போவதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள். வெயில் தாழ்ந்ததும் தாமிரபரணிப் படித்துறைக்குச் சென்று, பொதிகை மலைப்பக்கம் சூரியன் இறங்குவதையும், துவைத்த சேலையைப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிவதையும் பார்த்தபடி கணுக்கால் அளவு நீரில் நின்றாலே பகல் முழுவதும் அலைந்த அலுப்பு இறங்கிவிடும். ஆற்றைக் கடந்தால் அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சி. அதன் நீண்ட தெருக்களில் நிதானமாக நடக்கலாம். பணி சீக்கிரம் முடியும் நாளில் பத்தமடைக்குச் சென்று, கோரையை நூல்போல் மெலிதாகக் கிழித்துப் பாய் நெய்வதைக் காணுங்கள். அந்த விரல்களின் பொறுமையை நான் இன்றும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகியிருந்தால் மட்டும் நீரில் இறங்க வேண்டாம்.